அமெரிக்கச் சொல்லுக்கு அப்பன் பிடிப்பது எப்படி?

விருந்தில் யாரோ 'ஓகே' என்கிறார். நீங்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்த வார்த்தை எப்படி வந்தது தெரியுமா?" என்று ஆரம்பிக்கிறீர்கள். அருமை. உங்களுக்குத் தெரியாது என்பது எனக்கும் தெரியும். அது ஒரு குறையே இல்லை. கீழே சொல்வதை வரிசையாகச் செய்யுங்கள். தமிழிலிருந்துதான் போனது என்று மட்டும் நிறுவப் போகாதீர்கள். அந்தத் துறையில் போட்டி அதிகம்.

1. முதலில் ஓர் ஆளைப் பிடியுங்கள்.

பலர் வாயில் புழங்கி மெல்ல உருவான சொல் என்றால் அடுத்த நிமிடமே பேச்சு மழை, வெயில் என்று மாறிவிடும். அமெரிக்க அதிபர் கிடைத்தால் விடாதீர்கள். 'லாபி' செய்வது என்ற வழக்குக்கு யுலிசிஸ் கிராண்ட் தயாராக இருக்கிறார். வாஷிங்டன் வில்லர்டு ஹோட்டலின் முன்கூடத்தில், அதாவது லாபியில், அவர் பிராந்தியும் சுருட்டுமாக உட்கார்ந்திருப்பார், காரியம் ஆகவேண்டியவர்கள் அங்கே வந்து மொய்ப்பார்கள், அதனால் அந்தப் பெயர். கிராண்ட் அதிபரானது 1869இல். சொல் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் ஓடிக்கொண்டிருந்தது. கவலை வேண்டாம், சுருட்டை நன்றாக ஊதவிடுங்கள். அந்தப் புகையில் ஆண்டு கண்ணில் படாது.

2. ஆள் கிடைக்காவிட்டால் சொல்லை எழுத்தெழுத்தாக உடையுங்கள்.

போலீஸ்காரரைக் 'காப்' என்கிறார்களா? 'கான்ஸ்டபிள் ஆன் பேட்ரோல்' என்று விரித்துவிடுங்கள். பிடிப்பது என்ற பொருளில் முன்பே இருந்த வினைச்சொல்லிலிருந்து வந்தது என்றால் கேட்பவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் தெரியாது. எந்தச் சொல்லையும் இப்படி உடைக்கலாம்.

3. உண்மையாகவே எழுத்துச் சுருக்கமாகப் பிறந்த சொல்லை மட்டும் உடைக்காதீர்கள்.

'ஓகே'தான் அது. 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' பத்திரிகையில் வந்தது. வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு எழுதி, அந்தப் பிழையையே சுருக்கி விளையாடுவது அப்போது பத்திரிகைக்காரர்களின் பைத்தியம். 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓல் கொரெக்ட்' என்றாக்கி, முதலெழுத்துகளை மட்டும் போட்டார்கள். கூடப் பிறந்த சுருக்கங்களெல்லாம் சீக்கிரமே செத்துவிட்டன. இது பிழைத்ததற்கு மறு ஆண்டுத் தேர்தலும் ஒரு காரணம். மறுபடி நின்ற அதிபர் மார்ட்டின் வான் பியூரன் பிறந்த ஊர் கிண்டர்ஹுக். அவருக்கு 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்று பட்டப்பெயர் சூட்டி, ஆதரவாளர்கள் ஓகே சங்கம் வைத்தார்கள். அவர் தோற்றார், சொல் ஜெயித்தது. ஆலன் வாக்கர் ரீட் என்ற கொலம்பியா பேராசிரியர் பழைய பத்திரிகைகளைப் புரட்டி 1960களில் இதையெல்லாம் எழுதி வைத்தார்.

நல்ல கதைதான். ஆனால் நாயகன் ஓர் எழுத்துப் பிழை, கண்டுபிடித்தவர் ஒரு பேராசிரியர். யார் பாயாசத்தை வைத்துவிட்டுக் கேட்பார்கள்? ஆகவே: அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்று சொல்லுங்கள். அல்லது சாக்டா பழங்குடிச் சொல் என்று சொல்லுங்கள். அதிபர் உட்ரோ வில்சனே அதை நம்பி, சாக்டா சொல்லைப் போலவே எழுத்துக்கூட்டினார். உள்நாட்டுப் போரில் பிஸ்கட் அனுப்பிய ஓரின் கெண்டல் கம்பெனி, சரக்குச் சீட்டில் கையெழுத்திட்ட ரயில்வே குமாஸ்தா, ஹெய்ட்டித் துறைமுகத்து ரம் என்று இன்னும் கிடக்கின்றன. பந்திக்கு ஒன்று போதும். அடுத்த வரிசைக்கு வேறு கதை சொல்கிறீர்கள் என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

4. யாரும் பார்க்காத சாட்சியைக் கொண்டுவாருங்கள்.

'ஹாட் டாக்' இதற்கு முன்மாதிரி. நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ரொட்டிக்குள் சாசேஜ் விற்றதைப் பார்த்து, டாட் டோர்கன் என்ற கார்ட்டூனிஸ்ட் நாயாக வரைந்தார். 'டாக்ஸ்ஹுண்ட்' என்று எழுத வரவில்லை, 'ஹாட் டாக்' என்று போட்டுவிட்டார். தேடாத இடமில்லை, அந்தக் கார்ட்டூன் இதுவரை சிக்கவில்லை. சிக்காத படத்தை யார் பொய் என்பது? 1890களிலேயே யேல் மாணவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், உள்ளே இருப்பது நாய்க்கறி என்ற கிண்டலோடு. இதை இலை போட்ட பிறகு எடுக்காதீர்கள்.

5. ஆதாரத்தோடு வருகிறவரை அவமதியுங்கள்.

கண்டிப்பாக ஒருவர் வருவார். 1893 உலகக் கண்காட்சி யாருக்கு என்ற சண்டையில் நியூயார்க் 'சன்' ஆசிரியர் சார்லஸ் டானாதான் சிகாகோவுக்கு 'காற்று நகரம்' என்று பெயர் வைத்தார் என்பீர்கள். வந்தவர் 1876 சின்சினாட்டி செய்தித்தாளில் அந்தப் பெயர் இருப்பதை நீட்டுவார். உண்மையில் அதைத் தேடி எடுத்தவர் பாரி பாப்பிக், நியூயார்க்கில் பார்க்கிங் அபராத வழக்குகளை விசாரித்தவர். "வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று சிரியுங்கள். சபை உங்கள் பக்கம்.

6. கல்லில் செதுக்குங்கள்.

பேச்சை மறுக்கலாம், பெயர்ப்பலகையை மறுப்பது கஷ்டம். நியூயார்க்கை 'பிக் ஆப்பிள்' என்று குதிரைப் பந்தய நிருபர் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டு 1920களில் எழுதிப் பரப்பினார். நியூ ஆர்லியன்ஸ் லாயத்தில் வேலைபார்த்த கறுப்பின ஆட்கள் பேசியதைக் கேட்டு எழுதியதாக அவரே சொன்னார். 1997இல் பிராட்வே முனை ஒன்று 'பிக் ஆப்பிள் கார்னர்' ஆனது, நிருபரின் நினைவாக. லாயத்துக்காரர்களின் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை. குறித்துவைக்காதவரை உங்களுக்கும் தொல்லையில்லை.

இன்னும் மேலே போக ஆசையா? நாடாளுமன்றத்தைப் பிடியுங்கள். டிராய் நகரத்து இறைச்சி வியாபாரி சாமுவேல் வில்சன்தான் அமெரிக்காவின் உருவகமான 'அங்கிள் சாம்' என்று அமெரிக்கக் காங்கிரஸ் 1961இல் தீர்மானமே போட்டது. எந்த அகராதி அதோடு மல்லுக்கட்டும்?

7. எப்போதாவது ஓர் உண்மைக் கதையும் சொல்லுங்கள், ஜாக்கிரதையாக.

டெக்சாஸில் சாமுவேல் மேவரிக் என்று ஒருவர். தன் கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடாமல் மேயவிட்டார். குறியில்லாத மாடெல்லாம் 'மேவரிக்' ஆனது; பிறகு கட்டுக்கு அடங்காத மனிதர்களும். ஆளும் நிஜம், மாடும் நிஜம். எதிரில் இருப்பவர் கண்ணைச் சுருக்கி, "இதை மட்டும் நீங்களே கட்டிவிட்டீர்கள், இல்லையா?" என்பார். ஆமாம் என்று ஒப்புக்கொண்டு, கையோடு ஓரின் கெண்டலின் பிஸ்கட்டை எடுத்து நீட்டுங்கள்.