காற்றைப் பிழிந்தால் வெந்நீர்!

கே: வெயில் காலத்தில் திண்டுக்கல்லில் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் கொட்டுகிறது. இந்த ஊரில் மொட்டை மாடியில் ஹீட் பம்ப் வைக்கச் சொல்கிறார்களே, யாருக்கு சார் அது?
(நாகல் நகர் வாசகர்)

ப: உங்களுக்கு இல்லை. மத்தியானம் குளிக்கிற எவருக்கும் இல்லை. விஷயம் விடியற்காலை நாலு மணியில் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரையாகவே பழனி வந்து, கால் வீங்கி, லாட்ஜில் அறை எடுத்தவரிடம் "சித்திரையில் வாங்க, குழாயிலேயே சுடும்" என்று சொல்ல முடியுமா? லாட்ஜ், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், கல்யாண மண்டபம் என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குளிக்கிற கட்டடங்களுக்குத்தான் இது. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மாடியில் சோலார் போதும். மழை நாளைக்கு ஒரு கெய்சர்.

கே: "ஒரு யூனிட் கரண்ட் போட்டால் மூணு யூனிட் சூடு வரும்" என்கிறார் விற்க வந்தவர். ஈமு கோழியில் பணம் போட்டு ஏமாந்தவன் நான். நம்பலாமா?
(வேடசந்தூர் வாசகர்)

ப: சூடு கண்ட பூனையின் சந்தேகம், நியாயம்தான். ஆனால் இங்கே யாரும் எதையும் குட்டி போட வைக்கவில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் தக்காளியை விளைவிப்பதில்லை. லாரியிலிருந்து மண்டியில் இறக்குகிறார், அதற்குத்தான் கூலி. ஹீட் பம்பும் அப்படித்தான். வெளிக்காற்றில் சும்மா கிடக்கிற சூட்டைத் தூக்கித் தண்ணீரில் இறக்குகிறது. கரண்ட் அதற்குக் கூலி. கெய்சர் கரண்டையே சூடாக மாற்றுவதால், ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட்தான் தர முடியும்.

உள்ளே ஓடுவது, குளிர்ந்த காற்று பட்டாலே கொதித்துவிடுகிற ஒரு திரவம். விசிறி இழுக்கும் காற்றில் அது ஆவியாகும். கம்ப்ரசர் அந்த ஆவியை நெருக்கும்போது சூடேறும். தொட்டியைச் சுற்றிய குழாயில் அந்தச் சூட்டை விட்டுவிட்டு மறுபடியும் திரவமாகும். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் வருஷக்கணக்காக இதைத்தான் செய்கிறது. கட்டடங்களை இந்த வழியில் சூடாக்கலாம், குளிர்விக்கலாம் என்று பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1852-லேயே எழுதிவிட்டார். விற்பனைக்காரர் நூற்று எழுபது வருஷம் லேட்டாக வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

கே: பழனியில் இருபது அறை லாட்ஜ். கணக்குச் சொல்லுங்கள், கதை வேண்டாம்.
(லாட்ஜ் உரிமையாளர்)

ப: தினம் ஆயிரம் லிட்டர் வெந்நீர் என்று வைத்துக்கொள்வோம். 27 டிகிரி தண்ணீரை 55-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 33 யூனிட் சூடு வேண்டும். கெய்சரில் அந்த 33-ம் மீட்டரில் ஏறும். நல்ல ஹீட் பம்பில் 10, 11 யூனிட்.

பில்லை விடுங்கள், இன்னொன்றைப் பாருங்கள். அறைக்கு ஒரு 2 கிலோவாட் கெய்சர் என்றால் இருபதும் ஒரே நேரத்தில் எரியும்போது 40 கிலோவாட். அத்தனைக்கும் லோடு வாங்க வேண்டும், ஒயரும் அதற்குத் தகுந்த தடிமனில் போட வேண்டும். ஹீட் பம்ப் பத்து மணி நேரம் நிதானமாக ஓடி அதே தண்ணீரைச் சுட வைக்கும். அதற்கு ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேலே இருந்தால் போதும். அந்த நிதானம்தான் அதன் குறையும். தொட்டி காலியான பிறகு "அஞ்சு நிமிஷத்தில் கொடு" என்றால் கொடுக்காது. பூசத்துக்கு வரும் கூட்டத்தை வைத்துத் தொட்டியின் அளவைத் தீர்மானியுங்கள், ஆடி மாதத்துக் காலி அறைகளை வைத்து அல்ல.

கே: அதில் பிரியாணி தம் போடலாமா?
(பேகம்பூர் வாசகர்)

ப: அறுபது டிகிரியோடு நின்றுவிடும். சீரகச் சம்பா உங்களை மன்னிக்காது.

கே: எங்கள் போர் தண்ணீரில் கெய்சர் ராடு ஆறு மாதத்தில் சுண்ணாம்புக் கட்டியாகிவிடுகிறது. ஹீட் பம்ப் தாங்குமா?
(மருத்துவமனை மேலாளர், திண்டுக்கல்)

ப: இந்தத் தபால் பையில் வந்ததிலேயே உருப்படியான கேள்வி இதுதான். நம் ஊரில் மிஷினைக் கொல்வது வெயிலும் இல்லை, வோல்டேஜும் இல்லை, உப்புத் தண்ணீர். சூடேற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து படியும். மெல்லிய தகடுகளின் நடுவே தண்ணீர் ஓடும் வகை மிஷினில் அந்தப் பொருக்கு வழியை அடைத்துவிடும். சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்ப்ரசரிலேயே தேங்கும், அழுத்தம் ஏறும், மிஷின் டிரிப் ஆகும். மெக்கானிக் வந்து "கேஸ் கம்மி" என்பார். நம்பாதீர்கள்.

வாங்கும்போதே கேளுங்கள்: செம்புக் குழாய் தொட்டிக்கு வெளியே சுற்றியிருக்கிறதா, தண்ணீருக்குள் இருக்கிறதா? வெளியே என்றால் பொருக்கின் உபத்திரவம் குறைவு. தொட்டிக்குள் துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் ஒரு உலோகக் கம்பி இருக்கும், ஆனோடு என்பார்கள். அதைக் கழற்றிப் பார்த்துக் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். பலர் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் தொட்டியை ஓட்டையாக விட்டுவிடுகிறார்கள். தகடு வகையை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களென்றால் முன்னால் ஒரு சாஃப்ட்னர், அவ்வப்போது எலுமிச்சை உப்புக் கரைசல் விட்டுக் கழுவல். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீர் வந்தால் அதை விடலாமே என்பீர்கள். குடிக்கவே முறை வைத்து வருகிற தண்ணீர் அது.

ஆஸ்பத்திரி என்பதால் இன்னொன்று. சிக்கனம் பார்த்துத் தொட்டியை 40 டிகிரியில் வைக்காதீர்கள். வெதுவெதுப்பில் கிருமி வளரும். 60-ல் வைத்து, குழாயருகே பச்சைத் தண்ணீர் கலந்து கொடுங்கள்.

கே: மாடியில் எங்கே வைப்பது?
(பொறியாளர் அல்லாத வீட்டுக்காரர், சின்னாளபட்டி)

ப: ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன். இரும்பு தனி. ஆகவே தூணும் பீமும் வருகிற இடம், ஸ்லாபின் நடுவயிறு அல்ல. தட்டோட்டில் போல்ட் அடிக்க விடாதீர்கள், அடுத்த ஐப்பசியில் கீழ்வீட்டுச் சுவர் சொல்லும். கட்டை கட்டி, ரப்பர் பேட் போட்டு, அதன் மேல் உட்கார வையுங்கள். "மழை படக் கூடாது" என்று நாலு பக்கமும் தகரம் அடித்து அடைப்பது நம் வழக்கம். அடைத்தால், தான் விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுத்துத் திணறும். குரங்கு வரும் இடமென்றால் ஒயருக்கு இரும்புக் குழாய்.

கே: ஒரே மாடியில் பத்து ஏசி அவுட்டோர் அனலைக் கக்குகிறது. பக்கத்திலேயே ஹீட் பம்ப் காற்றில் சூட்டைத் தேடுகிறது. இது என்ன கூத்து?
(கல்லூரி மாணவி, காந்திகிராமம்)

ப: சபாஷ்! கட்டடத்திலிருந்து சூட்டை வெளியேற்ற ஒரு பில், சூடு உண்டாக்க இன்னொரு பில். நம் லாட்ஜுகள் பல இப்படித்தான் ஓடுகின்றன. குறைந்தபட்சம் ஏசி அனல் வருகிற பக்கம் ஹீட் பம்பின் வாயைத் திருப்பி வைக்கலாம். இரண்டுக்கும் லாபம். ஹீட் பம்ப் விடும் குளிர்காற்றைக் குழாய் போட்டுத் துணி தேய்க்கும் அறைக்குக் கொண்டுபோனால் அங்கே நிற்பவர் உங்களை வாழ்த்துவார்.

கே: கொடைக்கானலில் மார்கழியில் புல்லின் மேல் உறைபனி. டொரண்டோவில் என் மகன் குடியிருக்கும் கட்டடத்தில் மாடியில் ஹீட் பம்ப் வைக்கப் போகிறார்களாம். காற்றே உறைந்தால் சூடு எங்கிருந்து வரும்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், வத்தலக்குண்டு)

ப: சூடே இல்லாத நிலை மைனஸ் 273 டிகிரி. டொரண்டோ மைனஸ் 20 என்றால், இன்னும் 253 டிகிரிக்குச் சரக்கு இருக்கிறது. எடுத்து மேலே ஏற்றும் தூரம் அதிகம், அதனால் கூலியும் அதிகம். திண்டுக்கல்லில் ஒன்றுக்கு மூன்று தருவது அங்கே இரண்டாகக் குறையலாம். ஆனாலும் நார்வேயில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இதுதான். ஜூரிச் நகர மன்றக் கட்டடம் 1938-லிருந்தே பக்கத்து லிம்மாட் ஆற்றுத் தண்ணீரிலிருந்து சூடு எடுத்தது. அந்த மிஷினை 2001-ல்தான் மாற்றினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வறண்ட மைனஸ் பத்தைவிடக் கொடைக்கானலின் ஈரமான மூன்று டிகிரிதான் அதிகத் தொல்லை. பனிமூட்டம் தகடுகளில் ஐஸாகப் பிடித்துக் காற்றை மறிக்கும். மிஷின் சில நிமிஷம் தலைகீழாக ஓடி அதை உருக்கும். அப்போது குப்பென்று வெள்ளையாக ஆவி கிளம்பும். தீப்பிடித்தது என்று வாளியோடு ஓட வேண்டாம். உருகிய தண்ணீர் நடைபாதையில் விழுந்து மறுபடி உறையாதபடி வடிகால் வேண்டும். டொரண்டோவில் பனி குவியும் உயரத்துக்கு மேலே ஸ்டாண்டும் வேண்டும். மகனிடம் இந்த இரண்டையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

மலையில் லாட்ஜ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அட்டையில் போட்டிருக்கும் சூடாக்கும் திறன் எத்தனை டிகிரி காற்றுக்கு என்று பாருங்கள். சமவெளிக் கணக்கில் வாங்கி 2,100 மீட்டருக்கு மேலே ஏற்றினால், தை மாதத்தில் விருந்தாளி போர்வையோடு ரிசப்ஷனுக்கு வருவார்.

கே: புது மாடலில் ப்ரொபேன் வாயுவாம். மாடியில் குண்டு வைக்கிறீர்களா?
(ஆர்.எம். காலனி வாசகர்)

ப: உங்கள் சமையலறையில் 14.2 கிலோ எல்பிஜி நிற்கிறது, அதிலும் ப்ரொபேன் உண்டு. சின்ன ஹீட் பம்பில் இருப்பது ஒரு கிலோகூட இல்லை, அதுவும் திறந்த வெளியில். பயப்பட வேண்டியது, கசிவு பார்க்கிறேன் என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு படியேறி வருகிற மெக்கானிக்குக்கு. அவரைக் கீழேயே நிறுத்துங்கள்.