துப்பறியும் டீச்சர்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஊருக்கு ஒரு துப்பறியும் டீச்சர் உண்டு. ரிட்டயர் ஆனவர். கண்ணில் லென்ஸ் வைத்தவர். கொலை என்றால் அவருக்கு உயிர். நிஜக் கொலை அல்ல. பேப்பரில் வரும் கொலைச் செய்தியை, "ஒரே ரத்தம், உருப்படியா ஒரு காரணமும் கிடையாது" என்று புரட்டிவிடுவார். அவருக்குப் பிடித்த கொலைக்குச் சில லட்சணங்கள் உண்டு. ஊர் சின்னதாக இருக்க வேண்டும். ஏரி ஒன்று இருந்தால் விசேஷம். பிணம் சீக்கிரம் விழ வேண்டும். விழும்போது சத்தம் கூடாது. செத்தவர் யாருக்கும் பிடிக்காத ஆளாக இருக்க வேண்டும், அப்போதுதான் அழுது நேரத்தை வீணாக்காமல் விசாரணையை ஆரம்பிக்கலாம். கண்டுபிடிப்பவர் போலீஸாக இருக்கக் கூடாது. பேக்கரி வைத்திருக்கும் பெண்ணாக இருந்தால் உத்தமம். கடைசிப் பக்கத்தில் கொலைகாரரும் பிடிபட வேண்டும், கேக்கும் வெந்திருக்க வேண்டும்.

நான் சொல்லப்போகும் டீச்சருக்குப் பிறந்த வீடு வில்லியனூர். புகுந்த வீடு பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் ஊர்களில் ஒன்று. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவர். மாமனார் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த வழியில் மகள் இப்போது பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று அவள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன கிண்டில்தான் எங்கள் ஊர் அமைதிக்கு வந்த முதல் ஆபத்து. விளக்கு வைக்கிற நேரத்தில் டீச்சர் திண்ணையில் உட்கார்ந்து அதைக் கையில் எடுப்பார். முகத்தில் அப்படியொரு லயிப்பு. திருவாசகம் படிக்கிறார் என்று தெருவில் போகிறவர்கள் பேச்சைத் தாழ்த்திக்கொள்வார்கள். உள்ளே யாரோ யாருடைய டீயிலோ ஆர்சனிக் கலந்துகொண்டிருப்பார்கள்.

இந்தப் பழக்கம் கிண்டிலோடு வந்ததல்ல. டீச்சரின் பாட்டி, வை.மு. கோதைநாயகி நடத்திய 'ஜகன்மோகினி'க்கு அடிமை. கோதைநாயகி 1925இல் அந்தப் பத்திரிகையைக் கையில் எடுத்து 'வைதேகி' என்ற துப்பறியும் நாவலோடு கிளம்பியவர். அம்மாவுக்குத் தமிழ்வாணனின் சங்கர்லால். சிக்கல் வந்தால் டீ குடித்தே தீர்த்துவிடும் மனிதர். டீச்சரோ பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல் காலத்துப் பிள்ளை. கணேஷ்–வசந்த், பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜயந்தி, விவேக்–ரூபலா எல்லோரும் அவருக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் 1,500ஐத் தாண்டும் என்று யாராவது வியந்தால், "நான் படிக்காதது கொஞ்சம்தான் பாக்கி" என்பார். ஆக, மூன்று தலைமுறையாகக் கொலை படிக்கும் குடும்பம்.

வயதானபிறகு அட்டையில் கத்தியும் உள்ளே அறுத்த கழுத்தும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிரஷர் ஏறியது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். டீச்சர் ரத்தத்தையும் சேர்த்துக் குறைத்துக்கொண்டார். ரத்தமில்லாமல் துப்பறிவது தமிழுக்கும் தெரிந்ததுதான். தேவன் 'ஆனந்த விகடன்' வழியாக உலவவிட்ட சாம்பு, அசட்டுத்தனத்தாலேயே கேஸ்களை ஜெயித்தவர். ஆனால் சாம்பு பேங்க் குமாஸ்தா. கேக் செய்யத் தெரியாது.

கேக் செய்யத் தெரிந்தவர்களை டீச்சர் கண்டுபிடித்தது அமெரிக்காவில். ஜோன் ஃப்ளூக் என்ற அம்மாள் 2000இல் தொடங்கிய நாவல் வரிசை. மினசோட்டா மாநிலத்தில் லேக் ஈடன் என்று ஒரு கற்பனைச் சிற்றூர். அங்கே ஹேனா என்ற பெண் பிஸ்கட் கடை நடத்துகிறாள். பிணங்கள் அவள் கண்ணிலேயே வந்து படுகின்றன. கதைக்கு நடுநடுவே சமையல் குறிப்பு. இந்தப் பக்கத்தில் பிரேதம், அடுத்த பக்கத்தில் வெண்ணெய் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு. முதல் நாவலில் செத்துப்போகிறவரே பால் வண்டிக்காரர்தான். அதைப் படித்த வாரம் டீச்சர் எங்கள் பால்காரரைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு வாஞ்சை. "ஜாக்கிரதையா போப்பா. கடைக்குப் பின்னாடி வண்டிய நிறுத்தாத" என்றார். பாலில் தண்ணீர் கலப்பதைத்தான் சாடையாகச் சொல்கிறார் என்று நினைத்து, அந்த ஆள் ஒரு வாரம் கெட்டிப் பால் ஊற்றினார். டீச்சரின் துப்பறிதலால் ஊர் கண்ட முதல் பலன் அது.

அடுத்து, செய்முறை. புத்தகம் 350 டிகிரி சூடு கேட்கும். அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் சுமார் 175 என்று வீட்டுக்காரருக்கு விளக்குவதற்குள் அவர் மண்ணெண்ணெய் வாசனை வருகிறதா என்று மோந்து பார்க்கப் போய்விடுவார். டீச்சர் வீட்டில் ஓவன் கிடையாது. பழைய குக்கரில் கல்லுப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அதற்குள் கிண்ணத்தை இறக்குவார். பிரவுன் சுகருக்கு நாட்டுச் சர்க்கரை, வால்நட்டுக்கு வேர்க்கடலை. ஹேனாவின் பிஸ்கட் எங்கள் ஊரில் கடலை உருண்டையின் தூரத்துச் சொந்தமாகவே பிறக்கும். இத்தனைக்கும் இது கேக் தெரியாத சீமை இல்லை. கிறிஸ்துமஸ் வந்தால் ரவையும் நெய்யும் ரம்மில் ஊறிய திராட்சையும் சேரும் புதுச்சேரி கேக்கை, மாதா கோவில் தெருவில் எந்தப் புத்தகமும் பார்க்காமல் செய்வார்கள். அதில் பிணம் சம்பந்தப்படவில்லை என்பதால் டீச்சருக்கு அது பொருட்டில்லை.

படிப்பது எல்லாம் அவருக்கு ஒழுக்கப் பாடமாகவும் ஆகிவிடும். எம்.சி. பீட்டன் 1992இல் எழுதிய முதல் அகதா ரெய்சின் நாவலில், கிராமத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், லண்டன் கடையில் வாங்கிய கீஷ் என்ற பலகாரத்தைத் தான் செய்தது என்று போட்டிக்குக் கொடுத்துவிடுவாள். அதைத் தின்ற நடுவர் இறந்துபோவார். டீச்சருக்குக் கொலைகாரர் மேல் வருத்தமே இல்லை. "கடையில வாங்கினத கையால செஞ்சேன்னு சொன்னா வேற என்ன ஆகும்?" என்பதுதான் தீர்ப்பு. அந்தத் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த அதிரசத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் ஒரே வட்டம், ஒரே கனம். "இது வீட்டுல சுட்டது இல்ல" என்று தனியே எடுத்து வைத்தார். வீட்டுக்காரர் அதைத் தின்றுவிட்டு, அன்று ராத்திரி முழுக்கத் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் இதுவரை ஒரு நல்ல கொலை நடக்காதது டீச்சருக்குக் குறைதான். தளவாடங்கள் எல்லாம் இருக்கின்றன என்பார். ஏரி இருக்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டோடு மூலநாதர் கோவில் இருக்கிறது. பிரான்சிலிருந்து பென்ஷன் வரும் வீடுகளும் வாரிசுச் சண்டைகளும் இருக்கின்றன. ஒரு வரப்பு புதுச்சேரி, அடுத்த வரப்பு கடலூர் மாவட்டம். பிணம் குறுக்கே விழுந்தால் தலைக்கு ஒரு போலீஸ், காலுக்கு ஒரு போலீஸ். நம் போலீஸின் சிவப்புத் தொப்பி, பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனது, அட்டைப் படத்துக்கென்றே தைத்த மாதிரி. திருவிழாவுக்கும் பஞ்சமில்லை. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோவில் தேரை பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடித்த வழக்கம் இன்னும் நின்றபாடில்லை. இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். நாவல்களில் திருவிழா என்றால் கட்டாயம் ஒருவர் சாவார் என்பதால், தேரன்று டீச்சர் சாமியைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்ப்பார். ஒவ்வொரு வருஷமும் தேர் பத்திரமாக நிலைக்கு வரும். டீச்சர் வெறுங்கையோடு டெம்போ ஏறுவார்.

கடைசியில் ஒரு கேஸ் வந்தது. கொலை இல்லை, கொல்லையில் ஒருவர் போட்டிருந்த போர்செட்டு மோட்டாரின் ஒயரை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒயரை எரித்தால் செம்பு. செம்பை எடைக்குப் போட்டால் காசு. டீச்சர் ஒரு நோட்டு வாங்கினார். சந்தேகத்துக்கு உரியவர்கள், காரணம், சம்பவ நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று மூன்று பத்தி போட்டார்.

விசாரணையும் புத்தக முறைப்படிதான். ஹேனா, தட்டு நிறைய பிஸ்கட்டோடு போய்க் கதவைத் தட்டுவாள். தின்கிற சுவையில் எதிராளி உளறிவிடுவார். டீச்சரும் டப்பாவோடு கிளம்பினார். முதல் வீட்டில், "யாருக்கு டீச்சர் பொறந்த நாளு?" என்றார்கள். இரண்டாம் வீட்டில், "பாரிசுல பொண்ணுக்கு எதனா விசேஷமா?" என்றார்கள். மூன்றாம் வீட்டில் இருந்த ஆயா, டீச்சர் வாயைத் திறப்பதற்குள் மருமகனின் சம்பளம், வீட்டுக் கடன், வீட்டுக்காரரின் மூலவியாதி, தங்கச்சியோடு மூணு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத காரணம் எல்லாவற்றையும் கறந்துவிட்டது. வெற்று டப்பாவைத் திருப்பித் தருவது மரியாதை இல்லை என்று ஒவ்வொருவரும் எதையாவது போட்டுக் கொடுத்தார்கள். சாயங்காலம் டீச்சர் வீடு சேர்ந்தபோது கையில் முறுக்கு, அவரைக்காய், பாதிப் பூசணி. தடயம் ஒன்றுகூட இல்லை.

சோர்ந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்தவரிடம் பால்காரர் கேட்டார்: "ஒயரு எடுத்தவன தேடறீங்களா டீச்சர்? அவன்தான்." பேரையும் சொன்னார். தந்தை பேர், வண்டி நம்பர், எடைக்குப் போட்ட கடை எல்லாம் சொன்னார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு இன்னா, ஊருக்கே தெரியும். அன்னைக்கு விடியகாலமே தெரியும்."

"அப்ப ஏன் யாரும் சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது? எல்லாருக்குந்தான் தெரியுமே. அவங்க அக்காவ நம்ம தெருவுலதான குடுத்துருக்குது."

அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் நாவலில் முதன்முதலில் வந்தது 1930இல். செயின்ட் மேரி மீட் என்ற கிராமத்தில் பின்னல் போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்து மனுஷர்களைப் பார்த்தே உலகத்துக் குற்றங்களை எல்லாம் கண்டுபிடிப்பவள். அந்த ஊரில் அப்படி ஒரு கிழவிதான். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு. அகதா கிறிஸ்டியின் கிராமத்தில் யார் செய்தது என்பது 200 பக்கம் தாங்கும் ரகசியம். இங்கே அது விடிவதற்குள் டீக்கடையில் தீர்ந்துபோகிறது. தெரிந்ததை எப்போது, எந்த வாயால், எவ்வளவு சாடையாகச் சொல்வது என்பதில்தான் எங்கள் ஊர் மூளையைச் செலவழிக்கிறது. டீச்சர் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்குச் செய்முறைக் குறிப்பு இல்லை.

ஆனாலும் டீச்சர் விடவில்லை. கடைசி அத்தியாயம் என்று ஒன்று இருக்கிறதே. எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, நடுவில் நடந்துகொண்டே பேசி, "அது நீங்கள்தான்!" என்று விரல் நீட்டும் காட்சி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேக் வெட்டுகிறேன், எல்லோரும் வரணும் என்று சொல்லி அனுப்பினார். பத்துப் பேரை அழைத்தார். நாற்பது பேர் வந்தார்கள். மனைப்பட்டா கொடுக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்ததால் சிலர் ரேஷன் கார்டும் கொண்டுவந்திருந்தார்கள். ஒயரைப் பறிகொடுத்தவர் திண்ணையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் எடுத்த பையன். அவன்தான் நாற்காலி போட்டவன், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவன். பையனின் தாய்மாமன் முதல் நாளே புது ஒயர்ச் சுருள் ஒன்றைக் கொல்லையில் போட்டுவிட்டுப் போயிருந்தார். யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. ஒயர்க்காரரும் கேட்கவில்லை. "யாரோ நல்லவங்க" என்று டீக்கடையில், அந்தப் பையன் காதில் விழுகிற மாதிரி சொன்னதோடு சரி. அதற்கப்புறம் அவர் எதிரே வந்தால் அவன் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிறான்.

ஒயர் திரும்பி வந்த கதை தெரியாத ஒரே ஆள் டீச்சர்தான். தொண்டையைச் செருமினார். மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "இங்க இருக்கறவங்கள்ல ஒருத்தர், ஒரு உண்மைய மறைக்கறீங்க" என்று ஆரம்பித்தார்.

கூட்டம் கப்சிப். ஆயா மெல்ல எழுந்தது.

"எம்மா டீச்சரு, யாரு எடுத்தான்னு எங்களுக்குத் தெரியும். எப்பிடித் திரும்பி வந்துதுன்னும் தெரியும். தெரியாதது ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு வெள்ளிக்கெழம. கேக்குல முட்ட போட்டிருக்கியா, இல்லியா? அதச் சொல்லு மொதல்ல."

நாற்பது ஜோடிக் கண்கள் டீச்சர் மேல். வாழ்நாள் முழுக்க உண்மைக்காக விடியவிடியக் கண்விழித்துப் படித்தவர், கேக்கை ஒரு தடவை பார்த்தார், கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார்.

"இல்ல ஆயா. சுத்த சைவம்."

"அது போதும்" என்று ஆயா தட்டை நீட்டியது. எல்லோரும் சாப்பிட்டார்கள். கார்த்தாலை டீச்சருக்கு ஆறு முட்டையைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்த மளிகைக் கடைக்காரர், இரண்டாவது துண்டைக் கேட்டு வாங்கி, "முட்டையே போடாம எப்பிடி டீச்சர் இவ்வளோ மெத்துன்னு வந்துது?" என்று மனதாரப் பாராட்டினார்.