ஒரு பலா விசையும் எவர்சில்வர் பைப்பும்: வளைவியல் ஆய்வு

நியூட்டன் என்னும் விசை அலகு ஒரு சின்ன ஆப்பிளின் எடைக்குத்தான் தேறும். ஆப்பிள் காய்க்காத பண்ருட்டியில் அதை வைத்து ஆராய்வது முறையல்ல. எனவே 30 கிலோ பலாப்பழம் ஒன்று கீழ்நோக்கி இழுக்கும் விசையை இங்கே 'ஒரு பலா' என்று கொள்வோம். அது ஏறத்தாழ 294 நியூட்டன். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள், ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இரு முனையும் தாங்கப்பட்ட ஒரு அங்குல, 18 கேஜ் எவர்சில்வர் பைப். கிரில் பட்டறைக்குக் கைப்பிடி செய்யப் போகிறவர் முதலில் கேட்பது எவர்சில்வரின் தரம் '304-ஆ, 202-ஆ' என்பதையே. சந்தேகப் பிராணியாக இருந்தால் காந்தத்தோடும் போவார். பைப் வளைவதைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியும் வீண், காந்தமும் வீண் என்பதே நம் துணிபு.

காந்தத்தை முதலில் அப்புறப்படுத்துவோம். 304, 202 இரண்டிலுமே அது ஒட்டாது. குளிர்நிலையில் வளைத்த இடங்களில் லேசாக இழுத்தால் உண்டு. மீள்தன்மையோ இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. நடுவில் ஒரு பலாவைத் தொங்கவிட்டால் இரண்டும் சுமார் 16 மி.மீ. தொய்யும். எடுத்த பிறகு பைப் நிமிருமா என்பது வேறு கணக்கு. அந்தப் பழம் பைப்பில் உண்டாக்கும் தகைவு சுமார் 209 மெகாபாஸ்கல். நிரந்தரமாக வளையாமல் தாங்க 304-க்குத் தரக்குறிப்பு உறுதிசொல்லும் குறைந்த அளவு 205, விலை குறைந்த 202-க்கு 260. ஆக, ஒரு பலாவின் முன் உயர்ந்த சாதிச் சரக்கு முதுகு வளைகிறது, மட்டச் சரக்கு நிமிர்ந்து நிற்கிறது. இவை குறைந்தபட்ச அளவுகள்தாமே, உருட்டி வளைத்த பைப்பில் வலிமை கூடுதலாக இருக்குமே என்று உலோகவியலார் மறுக்கலாம். உண்மைதான், அந்தச் சலுகை இரண்டுக்குமே கிடைக்கும். 304-இன் பெருமை அதில் கூடுதலாக உள்ள நிக்கலால் வருவது. துருவை அது நன்றாக எதிர்க்கும், கடலூர்க் கடற்காற்றுக்கு அது தேவைதான். ஆனால் துருவும் பலாவும் வேறு வேறு எதிரிகள்.

உண்மையில் தீர்ப்புச் சொல்வது விட்டம். அதே 18 கேஜில் இரண்டு அங்குலப் பைப் வாங்கினால் எடை இரட்டிப்பாகும். தொய்வோ எட்டில் ஒரு பங்குக்கும் கீழே, 2 மி.மீ.க்குள் அடங்கிவிடும். ஒரு அங்குலப் பைப்பின் எடைக்கே உருட்டுக் கம்பி வாங்குகிறவர் பாவம்: அது 11 மி.மீ. தடிமனுக்கும் குறைவு, தொய்வு பத்து மடங்கு. உள்ளீடற்ற தண்டு வலியது என்பதை நாணலையும் பறவை எலும்பையும் காட்டி கலிலியோ 1638-லேயே எழுதிவிட்டார். அப்படியானால் ஆறு அங்குல விட்டத்தில் காகிதத் தடிமனில் பைப் செய்யலாமே என்று யாரேனும் விதண்டாவாதம் செய்யலாம். சுவர் மெலிந்த குழாய் வளையும்போது வட்டம் நசுங்கி முட்டைவடிவாகும், பிறகு பட்டென்று மடியும். இதைப் பிரேசியர் 1927-இல் கணக்கிட்டுக் காட்டினார். இளநீருக்கு உறிஞ்சுகுழல் போட்டவர்களுக்கு அந்தக் கட்டுரை தேவைப்படாது. பலாமரத்துக்கு எதுவுமே தேவைப்படவில்லை. பக்கத்துத் தோப்பு முந்திரி தன் லேசான பழத்தைக் கிளை நுனியில் ஆட்டிக்கொண்டிருக்க, பலா தன் பாரத்தை அடிமரத்திலும் பெருங்கிளையிலுமே காய்க்கிறது. வளைதிருப்பம் என்ற சொல் பிறக்கும் முன்பே அதைத் தவிர்த்துவிட்டது.

பலாவைப் பைப்பில் தொங்கவிடுபவர் யார், சாலையோரம் குவித்துத்தானே விற்கிறார்கள் என்ற மறுப்புதான் வலுவானது. பத்து வயதுப் பையனின் எடையும் ஏறக்குறைய ஒரு பலாதான் என்பது நம் பதில். அவனைத் தொங்கவிட யாரும் வேண்டியதில்லை. மெதுவாகக் கட்டிய பழம் போல அவன் வரமாட்டான், தாவிப் பிடிப்பான். திடீரென விழும் பாரம் குறைந்தது இரு மடங்குத் தகைவு தரும் என்பது பொறியியலின் பாலபாடம். ஒரு அங்குலப் பைப்பில் அது 418 மெகாபாஸ்கல். 304-உம் 202-உம் சேர்ந்தே கோணும். இரண்டு அங்குலத்தில் நூறைத் தொடாது. அவன் தம்பியும் கூடத் தொங்கலாம்.