மூக்கு ஒழுகினா மூக்கையா மாத்துவீங்க, மாப்ள?

வாங்க மாப்ள. ஊருக்குள்ள கார் வந்தா முன்னால ஹாரன் சத்தம் வரும். உங்களுக்கு மட்டும் முன்னால ஆவி வருது, பொறவுதான் கார் வருது. மறுக்காவும் ரேடியேட்டருங்களா? சித்தெ உக்காந்து மோர் குடிங்க. நீங்களும் கொதிக்கறீங்க, வண்டியும் கொதிக்குது. ரெண்டு பேரும் ஆறோணும்.

ஆமாங்க, ஆமாங்க. மெக்கானிக் திருடன், பார்ட்ஸ் டூப்ளிகேட், காரைப் பண்ணுன கம்பெனியே மோசம். எல்லாத்தையும் ஒத்துக்கறனுங்க. மாமன் டிராக்டர் ஓட்டிக் கை காச்சவன், படிக்காதவன், எனக்கென்ன தெரியும்? ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். இத்தன தடவ மாத்துனீங்களே, ‘இது ஏன் ஒடஞ்சுது’ன்னு ஆராச்சும் கேட்டீங்களா? ஓட்டை எங்கன்னுதான் எல்லாரும் தேடியிருக்கறீங்க. மூக்கு ஒழுகுதுன்னு மூக்கையே மாத்திக்கிட்டிருக்கறீங்க. சளிக்கு ஆரும் மருந்து குடுக்கலீங்க.

மொதல்ல தண்ணிக்கு வருவோம். நீங்க குடிக்கறது கேன் தண்ணி. புள்ளைங்களுக்கு அதையும் காய்ச்சி ஆத்தி வெக்கறீங்க. வண்டிக்கு மட்டும் தோப்பு போர் உப்புத் தண்ணி! அந்தத் தண்ணியக் காய வெச்ச அண்டாவுல வெள்ளையாப் படியறதைத் தேச்சே உங்க அத்தைக்குக் கை போச்சு. அதே சுண்ணாம்புதான் ரேடியேட்டரோட சன்னக் குழாய்க்குள்ளயும் போய் உக்காருது. உப்பு அலுமினியத்தை அரிக்கவும் செய்யுது. அங்க கையை விட்டுத் தேய்க்க அத்தையால ஆகுமுங்களா?

கூலண்ட் ஊத்துங்கன்னா, ‘பொள்ளாச்சியில என்ன பனிக்கட்டியா விழுது?’ன்னு கேட்டீங்க. நல்ல கேள்விதானுங்க. உறையாம இருக்கறது அதோட ஒரு வேலை. நமக்கு வேணுங்கறது மத்த ரெண்டு வேலை. துரு புடிக்க விடாது, சீக்கிரம் கொதிக்கவும் விடாது. காய்ச்சி வடிச்ச தண்ணியில பாதிக்குப் பாதி கலந்தா, 106 டிகிரி வரைக்கும் கொதிக்காது. மூடி அழுத்திப் புடிச்சிருந்தா அது 120ஐயும் தாண்டும். அந்த மூடியில 0.9, 1.1ன்னு நம்பர் போட்டிருக்குமே, அத்தன அழுத்தத்தைத் தாங்கறதுதான் அதோட சோலி. உள்ள ஸ்பிரிங் தளந்து போனா, நல்ல ரேடியேட்டரும் பொங்கி ஊத்தும். சில நூறு ரூபா மூடியை விட்டுப்போட்டு ஆயிரக்கணக்குல ரேடியேட்டர் வாங்கறீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கு.

அப்பறம் அந்த மஞ்சப்பொடி வைத்தியம். நடுவழியில ஒழுகுனா அதைப் போட்டு ஊடு வந்து சேர்றது சரிதானுங்க, ஆபத்துக்குப் பாவமில்லை. ஊடு வந்த பொறவு கழுவோணுமில்ல? அது ஓட்டையை மட்டும் பாத்து அடைக்காதுங்க, குழாயையும் சேத்து அடைக்கும். மஞ்சள் வெச்சாச்சு, குங்குமந்தான் பாக்கி.

அந்தக் காலத்துப் பித்தளை ரேடியேட்டர்னா பத்த வெச்சு ஓட்டலாம். இப்ப நடுவுல அலுமினியம், ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் டேங்க், ரெண்டுக்கும் இடையில ஒரு ரப்பர். சூட்டுல வெந்து வெந்து பிளாஸ்டிக் மொறுமொறுன்னு ஆயி விரிசல் உடும். அதுக்கு வயசானா மாத்தித்தான் ஆகோணும். ஆனா உங்குளுது வருசங்கூடத் தாங்கலையே! வயசாகாமச் சாகுதுன்னா கொன்னது வேற ஆரோ.

ஆருன்னு நான் சொல்லட்டுங்களா? கோவிச்சுக்கப்படாது. ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏசியைப் போட்டுக்கிட்டு, ஊடே கொள்ளாத ஒறம்பறையை ஏத்திக்கிட்டு மேல போனீங்க. முள்ளு சிவப்புக்குப் போச்சு. அத்தையே சொன்னா, ‘நிறுத்துங்க மாப்ள’ன்னு. ‘இன்னும் நாலு வளைவுதான்’னீங்க. எரிக்கற பெட்ரோல் சூட்டுல மூணுல ஒரு பங்கு அந்தத் தண்ணி வழியாத்தான் வெளிய போகோணும். தண்ணியில்லாம அது எங்க போகும்? அன்னிக்கு இஞ்சின் ஹெட் வளைஞ்சிருக்கோணும். ஹெட் வளைஞ்சா கேஸ்கெட் விடும். கேஸ்கெட் விட்டா உள்ள வெடிக்கற காத்து தண்ணிக்குள்ள பூந்து, எது பலமில்லாம இருக்குதோ அதைப் பொளக்கும். புது ரேடியேட்டர் பொளந்துது, ஓஸ் பொளந்துது, நீங்க மெக்கானிக்கைப் பொளந்தீங்க.

இது மாமனோட சந்தேகந்தானுங்க, தீர்ப்பில்லை. பாக்கறதுக்கு வழியிருக்குது. காலையில வண்டி நல்லா ஆறிக் கெடக்கறப்ப மூடியைத் தொறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. தண்ணியில விடாம குமிழி வருதான்னு பாருங்க. ஒழுகாமலே தண்ணி கொறையுதா, வெள்ளைப் புகை நிக்காம வருதா, ஆயில் மூடிக்கு அடியில பால் கலந்தாப்புல இருக்குதா, இதையும் பாருங்க. ஒர்க்‌ஷாப்புல ஒரு நீல மருந்து வெச்சிருப்பாங்க. தண்ணியில புகை கலந்திருந்தா அது மஞ்சளா மாறும். நீங்க வெக்க வேண்டிய மஞ்சள் அதுதானுங்க.

அதுல ஒண்ணும் இல்லீன்னா இன்னொண்ணு கவனிங்க. நிறுத்துனாலும் ஊர்ந்தாலும் சூடேறி, வெரசா ஓடுனா ஆறுதுன்னா ஃபேன், ரிலே, ஃபியூஸ் பக்கம் பாருங்க. வெரசா ஓடுறப்பத்தான் சூடேறுதுன்னா அடைப்பு, இல்லீன்னா வாட்டர் பம்ப். ‘தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிப்புட்டா சரியாயிரும்’னு ஒருத்தன் சொல்லுவான். அவன் ஊட்டுக் கதவைக் கழட்டச் சொல்லுங்க, காத்து நல்லா வருமில்ல.

இன்னும் ரெண்டு சேதி. சூடா இருக்கறப்பத் துண்டைச் சுத்திக்கிட்டு மூடியைத் தொறக்காதீங்க, வெந்து போவீங்க. பழைய கூலண்டை வாசல்ல ஊத்தாதீங்க. அது இனிக்கற விஷம், எம்பட நாய் நக்கிப்போடும். உங்க கார் செத்தா வேற வாங்கலாம், அந்த நாய் மாதிரி ஒண்ணு எனக்குக் கெடைக்காது.

காரை வித்துப்போடறேங்கறீங்க. வாங்கறவன் என்ன பாவம் பண்ணுனான்? நாளைக்கு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்க. பில்லுல ‘ரேடியேட்டர் மாற்றம்’னு எழுதறதுக்கு முன்னால, ‘ஒடஞ்ச காரணம்’னு ஒரு வரி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அந்த வரியை எழுத முடியாத ஆளுகிட்டச் சாவியைக் குடுக்காதீங்க மாப்ள.