புதுச் சுருதிக்குப் பேர் சூட்டும் முறை

முதலில் ஒரு ஸ்தாயியை எடுத்துக்கொள்ளுங்கள். பியானோக்காரர்கள் அதைப் பன்னிரண்டு சமக் கூறாக வெட்டி வைத்திருப்பது உங்களுக்குப் பிடிக்கவில்லை. நல்லது. கணினியில் ஐந்தாகவோ ஏழாகவோ பத்தொன்பதாகவோ வெட்டுங்கள். கோணல்மாணலாக வெட்டினாலும் குற்றமில்லை. வெட்டியதைக் கீபோர்டில் ஏற்றி வாசித்தால் ஏதோ தூர தேசத்து வாடை அடிக்கும். இதுவரைக்கும் வகுத்தல் கணக்குத் தெரிந்தால் போதும். சிரமமெல்லாம் இனிமேல்தான். பேர் வைக்க வேண்டும்.

'ஐந்து சமக் கூறு' என்று வைத்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே உலக வரைபடத்தை விரியுங்கள். நீங்கள் போகாத ஊராக இருப்பது விசேஷம்.

ஐந்து என்றால் ஜாவா தயாராக இருக்கிறது. அங்கே கமெலான் என்ற வெண்கல வாத்திய கோஷ்டியில் ஸ்லெண்ட்ரோ என்று ஐந்து ஸ்வர முறை உண்டு. அலெக்ஸாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் ஸ்தாயியை 1,200 சென்ட்டாகப் பிரித்து, பல நாட்டு வாத்தியங்களை அளந்து 1885-இல் கட்டுரை எழுதினார். ஸ்லெண்ட்ரோ ஏறக்குறைய ஐந்து சமப் பங்கு, படிக்கு 240 சென்ட் என்பது அவர் கணக்கு. உங்கள் கணக்கும் அதேதான். 'அசல் ஜாவா ஸ்லெண்ட்ரோ' என்று கோப்புக்குப் பேர் போட்டுவிடலாம்.

தப்பித்தவறி ஜாவாவுக்குப் போய் அளந்து பார்த்துவிடாதீர்கள். ஒரு கமெலான் செட்டின் ஸ்லெண்ட்ரோ அடுத்த செட்டில் இருக்காது. ஒவ்வொரு செட்டுக்கும் தனியாகத்தான் சுருதி கூட்டுகிறார்கள். வெண்கலப் பட்டையின் அடியில் நடுவே ராவினால் ஸ்வரம் இறங்கும், முனையில் ராவினால் ஏறும். இப்படி அரத்தை வைத்துக்கொண்டு, ராவுவதும் தட்டிக் கேட்பதுமாக, அந்தச் செட்டுக்கு எது பொருந்துமோ அங்கே நிறுத்துவார்கள். அதனால் ஒரு செட்டின் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு செட்டோடு வாசிக்க முடியாது. பெருமதிப்புள்ள செட்டுகளுக்குத் தனிப்பேர் வைத்து, பெரியவர்களை அழைப்பதுபோல 'கியாய்' என்று முன்னால் சேர்த்துச் சொல்கிறார்கள். உங்கள் கோப்பு இவற்றில் எந்தப் பெரியவர் என்று யாராவது கேட்டால் 'சராசரி' என்று சொல்லிவிடுங்கள். சராசரிக்கு விலாசம் கிடையாது, வந்து சண்டை போடாது.

பாலித் தீவு இன்னும் வம்பு பிடித்த இடம். ஜோடி வாத்தியங்களில் ஒன்றை வேண்டுமென்றே இம்மி குறைத்து வைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து அடித்தால் நாதம் அலையலையாகத் துடிக்கும். 'ஓம்பாக்' என்பார்கள்; அந்தத் துடிப்பு இல்லையென்றால் அவர்களுக்கு வாத்தியத்தில் உயிர் இல்லை. நீங்கள் அதைப் பிசிறாக நினைத்து, இரண்டையும் ஒரே அதிர்வெண்ணுக்குக் கொண்டுவந்து, சுத்தப்படுத்திய கோப்புக்கு 'பாலி' என்று பேர் வையுங்கள். பார்க்க அழகாக இருக்கும்.

அரபு தேசத்தில் வேலை சுலபம். 24 சமக் கூறு போட்டு 'அரபு ஸ்கேல்' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. 1932-இல் எகிப்து மன்னர் ஃபுவாத் ஆதரவில் கெய்ரோவில் ஒரு மாநாடு கூடி, பார்டோக், ஹிண்டமித் போன்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்களும் வந்திருக்க, இந்த 24 கூறு ஒத்துவருமா வராதா என்று வாதாடினார்கள். முடிவுக்கு வரவில்லை. நீங்கள் மௌஸை ஒரு தட்டுத் தட்டி முடித்துவைத்தீர்கள்.

எந்த ஊர்ப் பேருக்கும் மனசு வரவில்லையா? பழைய மேற்கத்தியப் புத்தகங்களைப் புரட்டுங்கள். நம் சாருகேசி ராகத்தின் ஸ்வரங்களுக்கு அங்கே 'இந்து ஸ்கேல்' என்று பேர். அத்தனை கோடிப் பேருக்கும் ஒன்றே ஒன்று! சிம்மேந்திரமத்யமம் ஹங்கேரிக்குப் போய்விட்டது. மாயாமாளவகௌளையோ ஒரு புத்தகத்தில் பைசாந்தியம், இன்னொன்றில் அரபு, மற்றொன்றில் ஜிப்ஸி. ரோமா மக்களில் பலர் வசைச்சொல்லாகக் கருதும் வார்த்தை அது. ஆக, மயிலாப்பூரில் அந்த ராகத்தில் சரளி வரிசை பாடும் குழந்தை தன்னை அறியாமலே தினமும் பைசாந்தியம் போய்வருகிறது. வழக்கு வம்பே வேண்டாம் என்றால் கிரேக்கர்களின் வழிதான் பத்திரம். டோரியன், ஃப்ரிஜியன், லிடியன் எல்லாம் ஒரு காலத்தில் மக்கள் கூட்டங்களின் பேர். இடைக்கால ஐரோப்பியர் அந்தப் பேர்களை ஆளுக்கு ஆள் மாற்றி ஒட்டிவிட்டார்கள். கேட்பதற்கு இன்று ஒரு லிடியரும் இல்லை.

நம்மவர்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். நவரோஜ் ராகத்துக்குப் பாரசீகப் புத்தாண்டின் பேர். ஹெஜ்ஜஜ்ஜி அரபு ஹிஜாஸிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் ஹெஜ்ஜஜ்ஜி பாடிவிட்டு 'நீங்கள் கேட்டது அரபு இசை' என்று எந்த வித்வானும் மைக்கில் அறிவித்ததில்லை. எனக்கு வித்தியாசம் அங்கேதான் தெரிகிறது. இரவல் வாங்குவதில் தப்பில்லை. இரவல் பேரைக் காட்டி அசல் என்று விற்பதுதான் தப்பு.

விற்காமலும் செய்யலாம். அமெரிக்க இசையமைப்பாளர் லூ ஹாரிசன் ஜாவாக்காரரிடம் உட்கார்ந்து கமெலான் கற்றவர். அவரும் வில்லியம் கோல்விக்கும் அலுமினியம் முதலானவற்றில் தாங்களே வாத்தியங்கள் செய்து, தங்கள் கணக்குப்படி சுருதி கூட்டி, 'அமெரிக்க கமெலான்' என்று சொல்லிவிட்டார்கள். எர்வ் வில்சன் என்ற சுருதி ஆராய்ச்சிக்காரர் மொசாம்பிக்கின் சோப்பி மக்களுடைய திம்பிலா வாத்தியத்தைப் பார்த்துத் தூண்டப்பட்டுத் தன் அமைப்புக்கு 'மவிலா' என்று அங்குள்ள ஊரின் பேரை வைத்தார். பேர் அந்த ஊருடையது, கணக்கு அமெரிக்காவுடையது. 'ஆப்பிரிக்க ஸ்கேல்' என்று வைக்காத அளவுக்கு நாணயம். ஆனாலும் எனக்கு அரை மனசுதான்.

ஆகவே, கோப்பைச் சேமிக்குமுன் குறிப்பில் இரண்டு வரி எழுதுங்கள்: எந்த ஊர், எந்தச் செட், யார் அளந்தது, எந்த வருஷம், அதில் நீங்கள் எதை மாற்றினீர்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் அந்த ஊர்ப் பேரை விட்டுவிட்டு உங்கள் பேரையே வையுங்கள். ஹைன்ஸ் போலன், ஜான் பியர்ஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் ஸ்தாயியையே தூக்கி எறிந்துவிட்டு, அதிர்வெண் மும்மடங்காகும் இடைவெளியைப் பதின்மூன்றாக வெட்டும் யோசனைக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்தார்கள். அதற்கு இன்றும் 'போலன்-பியர்ஸ்' என்றுதான் பேர். கனடாவில் அதற்கென்றே தனியாகக் கிளாரினெட் செய்திருக்கிறார்கள்.