கீழ்ப்படிதலின் தோற்றமும் சிதைவும்: லேக் மார்க்கெட் குட்டியொன்றை முன்வைத்து

நாய்க்குட்டியைச் சொன்ன பேச்சு கேட்க வைப்பது எப்படி என்று நூல்கள் ஏராளம். வீட்டில் மூன்று பேர் மூன்று பாஷையில் சொன்னால் அது யார் பேச்சைக் கேட்கும் என்பதை ஆராய்ந்தவர் அரிது. இவ்வாய்வு அக்குறையைப் போக்க எழுந்தது. களம், தெற்குக் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு தமிழ்க் குடும்பம். ஆய்வுப்பொருள் பூலு, காலிஃப் தெரு ஞாயிற்றுச் சந்தையில் விலை கொடுத்து வாங்காமல், முனை டீக்கடை பெஞ்சுக்கடியிலிருந்து மழையில் நனைந்தபடி தூக்கி வரப்பட்ட தெருக்குட்டி.

பாட்டி "உட்காருடா கண்ணா" என்பார். வேலைக்கு வரும் மாஷி "போஷ், போஷ்" என்பார். பேரன் "சிட்!" என்று அதட்டுவான். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், நாயிடம் மட்டும் ஆங்கிலம் என்பது நம்மவர் வழக்கம். வங்காளிகளும் இதில் சளைத்தவர்கள் அல்லர். பூலு மூவரையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தது. அடுப்படியில் லேரோ பிஸ்கட் டின்னின் மூடி 'டக்'கென்றதும் உட்கார்ந்தது. (லேரோ என்பது கொல்கத்தா டீக்கடை ஜாடிகளில் குடியிருக்கும் முரட்டு பிஸ்கட். பாதி வாடிக்கையாளருக்கு, மீதி காலடியில் காத்திருக்கும் நாய்க்கு என்பது எழுதாத சட்டம்.) 1904-இல் நோபல் பரிசு வாங்கிய பாவ்லோவுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமிராது. மொழிப் பிரச்சினை இவ்வாறு தீர்ந்தது.

தீராத பிரச்சினை தாத்தா.

அவரைப் புரிந்துகொள்ள முன்னோர் ஆய்வுகளைப் புரட்ட வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி உலகத்தோடு உறவு பழகும் காலம் என்று ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965-இல் வெளியிட்ட நூலில் எழுதினர். நமக்கு இன்னும் அருகில், நதியா மாவட்டம் மோகன்பூரில் உள்ள கொல்கத்தா ஐசரில் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்), அனிந்திதா பத்ராவின் குழு பல ஆண்டுகளாகத் தெருநாய்களையே ஆராய்கிறது. கிண்ணங்களை வைத்து, ஒன்றை நோக்கிக் கைநீட்டினால் நாய் போகிறதா என்று பார்த்தார்கள். 2017-இல் வெளியான முடிவு பெற்றோர் அனைவரும் படிக்க வேண்டியது: பச்சைக் குட்டிகள் காட்டிய பக்கம் சமர்த்தாகப் போயின, விடலைகள் கண்டுகொள்ளவே தயங்கின, வளர்ந்தவையோ, கைகாட்டியவர் முன்பு சொன்னது மெய்யா பொய்யா என்று பார்த்து முடிவெடுத்தன. ஆக, கீழ்ப்படிதலை நாம் கற்பிப்பதே இல்லை. குட்டி அதைக் கையோடு கொண்டுவருகிறது. நாம் அதைச் செலவழிக்கிறோம்.

தாத்தா தாராளமாகச் செலவழித்தார். பூலு அவருடைய சாய்வு நாற்காலியில் ஏறிவிட்டால், "அதோ பார், பிஸ்கட்!" என்று காலிக் கிண்ணத்தைக் காட்டுவார். அது இறங்கி ஓடும்; இவர் உட்கார்ந்துகொள்வார். சில நாளில் பூலு அந்த நீட்டிய விரலைப் பார்த்தது, பிறகு அவர் முகத்தைப் பார்த்தது, பிறகு நாற்காலியிலேயே வாலைச் சுருட்டிக்கொண்டது. "ஏன்னா, வாயில்லா ஜீவனை ஏமாத்தாதீங்கோ" என்று பாட்டி அன்றே எச்சரித்ததை இவ்வாய்வு பதிவு செய்கிறது.

அடியாத மாடு படியாது என்பது தாத்தாவின் மறுப்பு. அது மாட்டைப் பற்றியது, இங்கு செல்லாது. முன்பின் தெரியாத ஆளிடம் தெருநாய்களுக்கு நம்பிக்கை வளர்வது தீனியைவிடத் தடவிக்கொடுப்பதால்தான் என்று அதே ஐசர் குழு அதே 2017-இல் கண்டது. தெருக்குட்டிக்குப் பயிற்சி ஏறாது என்பதும் பொய். பாரக்பூரில் மேற்கு வங்கக் காவல்துறை தெருவிலிருந்து எடுத்து வளர்த்த ஆஷா, லாப்ரடார்களோடு சேர்ந்து வெடிகுண்டு மோப்பம் கற்றது.

எனவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். குட்டிக்கு 'உட்கார்', 'வா' எல்லாம் எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுங்கள். கைநீட்டினால் மட்டும் அங்கே ஒரு துண்டு பிஸ்கட்டாவது இருக்கட்டும். தாத்தா இருக்கும் வீடுகளில் பயிற்சியை அவரிடமிருந்து தொடங்கவும்.