சுத்தியலை எடு மருமவனே

லீவர் இறுகிப் போச்சுன்னா மொதல்ல சுத்தியலை எடு மருமவனே. ரெண்டு தட்டுத் தட்டு. அசையலையா, குசினிக்குள்ள பூந்து என் தங்கச்சி தாளிக்க வச்சிருக்கிற தேங்காயெண்ணெயைக் கொண்டாந்து ஊத்து. அதுக்கும் மசியலைன்னா வண்டியை வித்தவனோட ஏழு தலைமுறையையும் திட்டு. நம்ம தெரணியகலைப் பக்கம் பிரேக்குக்கு நடக்கிற வைத்தியமெல்லாம் இந்த வரிசையிலதான் நடக்குது. நீ மட்டும் எதுக்கு மாத்தணும்?

இல்ல, கிழவன் சொல்றதையும் கேக்குறேன்னா ஒரு காதைக் குடு. இன்னொரு காதுல அந்த வயரு இருக்கட்டும், பாட்டு கெட்டுடக் கூடாது.

முன் பிரேக்கைப் பிடிச்சு விட்டா லீவர் டக்குனு தன் இடத்துக்கு வரணும். உன்னோடது பாதி வழியில நின்னுக்கிட்டு, பெரட்டுக்குப் பிந்தி வந்து அரைப் பேர் வாங்குன ஆள் மாதிரி முழிக்குது. "பிரேக் பிடிக்குதுல்ல மாமா, போதாதா?"ன்னு கேக்குற. பிடிச்சது விடணுமேடா! விடலைன்னா ஷூ டிரம்மை உரசிக்கிட்டே வரும். டிரம் சுடும், லைனிங் தேயும், பெட்ரோலும் போகும். 2022-ல கியூஆர் கோட்டைக் காட்டி வாரத்துக்கு 4 லிட்டர் வாங்குறதுக்கு நீ வரிசையில தவம் கிடந்தியே, அதுல எத்தனை சொட்டைப் பிரேக்கைச் சூடாக்கக் குடுத்தியோ! லீவர் முழுசா திரும்பலைன்னா பின்னால சிவப்பு லைட்டும் அணையாது. அவிசாவளை பஸ்காரன் உன் பின்னால வந்து, நீ நிக்கப் போறேன்னு நெனச்சு நெனச்சு ஏமாந்து, கடைசியில நீ நெசமாவே நிக்கிறப்ப நம்ப மாட்டான்.

சரி, வண்டியை நடு ஸ்டாண்டுல போடு. பின்னால யாரையாவது அமுக்கச் சொல்லிட்டு முன் வீலைச் சுத்திப் பாரு. தானா சுத்தாம கனமா உரசி நின்னா, நோவு இருக்கிறது உறுதி. எங்க இருக்குன்னு பாக்குறதுலதான் விசயம். கண்ணுக்குத் தெரியறது லீவர், அதனால எல்லாரும் லீவரைத்தான் அடிக்கிறாங்க. தோட்டத்துல கொழுந்து கொறைஞ்சா கங்காணிக்கு ஏச்சு விழுற நியாயம்தான் இதுவும்.

கேபிள் அட்ஜஸ்டரைத் தளர்த்து. அதுல இருக்கிற வெட்டும் லீவர்ல இருக்கிற வெட்டும் நேரா வர்ற மாதிரி திருப்பி, கேபிளோட குண்டு முனையைக் கழட்டி எடு. இப்ப லீவரை மட்டும் ஆட்டிப் பாரு. இறுகுதா? குத்தம் லீவர்லதான். லேசா ஆடுதா? அதை விட்டுடு, பாவம். கேபிளோட உள்கம்பியைக் கையால இழுத்துப் பாரு. அதுவும் லேசா ஓடுச்சுன்னா வீலு பக்கம் குனிஞ்சு, டிரம் கையை அமுக்கி விட்டுப் பாரு. திரும்பி வரலையா, திருடன் அங்க உக்காந்திருக்கான். சுத்தியலே இல்லாம பஞ்சாயத்து முடிஞ்சிருச்சு பாத்தியா.

லீவர்தான்னா, அடியில இருக்கிற நட்டைக் கழட்டி போல்ட்டை உருவு. பத்தாம் நம்பர் ஸ்பேனர் பெரும்பாலும் போதும். உள்ள இருந்து என்னா வரும் தெரியுமா? ஒட்டுப்பால்! காலையில ரப்பர் மலையில பால் வெட்டிட்டு, கையைக் கழுவாம வண்டியை எடுக்கிற ஆளு நீ. அந்தப் பால் லீவர் இடுக்குல இறங்கி உறைஞ்சு, மேல ரோட்டுச் சேறும் ஏறி, முந்தின சொந்தக்காரன் யாரோ பூசிட்டுப் போன பழைய கிரீஸோட சேர்ந்து குடும்பமே நடத்திக்கிட்டிருக்கும். சொரண்டி எடு. மண்ணெண்ணெய்த் துணியால துடை. போல்ட்டுல துரு இருந்தா தேச்சு வழுவழுப்பாக்கு. புதுக் கிரீஸைக் கொஞ்சமா பூசி மாட்டு. கொஞ்சம்னா கொஞ்சம்தான், பிள்ளைக்குப் பவுடர் போடுறேன்னு நெனச்சுக்காத. முறுக்குறதுலயும் உன் வீரத்தைக் காட்டாத. பல பேருக்கு லீவர் இறுகுறதே, போன தடவை போல்ட்டை மூச்சுப் பிடிச்சு முறுக்குனதாலதான்.

எண்ணெய் விசயம் ஒண்ணு. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழ போனா உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியக்காலையில மாலிபொடப் பக்கம் போத்தலைத் திருப்பிப் பாரு, விழாது. நாள்பட்டா பிசினாவும் ஆகிடும். நீ நாகரிகமான ஆளு, டபிள்யூ டி 40 ஸ்பிரே வச்சிருக்கே. நல்ல சாமான்தான். 1953-ல அமெரிக்காவுல சான் டியேகோ பக்கம், தண்ணியை விரட்டித் துருவைத் தடுக்கிறதுக்குன்னு செஞ்சது. அட்லஸ் ஏவுகணையோட வெளித்தோலைக் காப்பாத்தத்தான் மொதல்ல வாங்குனாங்க. நாப்பதாவது சேர்மானம்தான் சரிவந்துச்சாம். அவங்க நாப்பது தடவை மெனக்கெட்டதை, நீ ஒரு தடவை புஸ்ஸுன்னு அடிச்சிட்டு ஒரு வருசத்துக்குத் தாங்கணும்கிற. அழுக்கை இளக்க அதை அடி. துடைச்சப்புறம் கிரீஸைப் பூசு. டிரம்முக்குள்ளயோ டிஸ்க்கு மேலயோ மட்டும் ஒரு சொட்டும் படக் கூடாது. பட்டுச்சுன்னா லீவர் நல்லா வரும், வண்டிதான் நிக்காது.

கேபிள்தான்னா வேற கதை. குழாய்க்குள்ள கம்பி ஓடுற இந்த ஏற்பாட்டுக்கு 1896-லயே பவுடன்னு ஒரு வெள்ளைக்காரன் உரிமம் வாங்கிட்டான். நம்ம ஆளுக கடல் தாண்டி வந்து மலை வெட்டிக்கிட்டிருந்த காலம் அது. இன்னைக்கும் அதே வித்தைதான் ஓடுது. கேபிளைக் கழட்டித் தொங்கவிட்டு, மேல் முனையில பொலித்தீன் துண்டைக் கூம்பு மாதிரி கட்டி, தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டா விடு. ராத்திரி பூரா இறங்கட்டும். ஒரு நரம்பு பிரிஞ்சிருந்தாலும் எண்ணெயெல்லாம் வேணாம், புதுசை மாத்து. மாத்துறதுக்கு முந்தி ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பி, கேபிள் எங்கயாச்சும் நசுங்குதான்னு பாரு. போன் வைக்கிறதுக்கு ஒரு ஸ்டாண்டு பூட்டியிருக்கியே, அதைப் பிளாஸ்டிக் நாடாவால கேபிளோட சேர்த்து இறுக்கினது யாரு? நான் கேக்கலை, கேபிள் கேக்குது.

டிரம் கைதான் திரும்பலைன்னா வீலைக் கழட்டணும். உள்ள ஷூவை விரிக்கிற அச்சு காஞ்சு போயிருக்கும். இந்த ஊரு மழையில ஆத்தைத் தாண்டி, சேத்தைத் தாண்டி ஓடுற வண்டிக்கு அது காயாம வேற என்னா செய்யும்? அச்சை உருவித் துடைச்சு, கிரீஸைப் பேருக்குக் கொஞ்சம் தடவி மாட்டு. உள்ள இருக்கிற தூசியை வாயால ஊதாத. பழைய லைனிங்ல கல்நார் இருக்கும், நெஞ்சுக்கு ஆகாது. ஈரத்துணியால துடைச்சு எடு.

உன் சிநேகிதன் வண்டி டிஸ்க் பிரேக். அதுல மேல இருக்கிற சிலிண்டர்ல பொடி ஓட்டை ஒண்ணு இருக்கு. அது அடைச்சாலும் எண்ணெய் திரும்பாது, பிரேக் விடாது. மூடியில டாட் 3, டாட் 4-னு எது எழுதியிருக்கோ அதைத்தான் ஊத்தணும். இஞ்சின் ஒயிலை ஊத்துனா ரப்பரெல்லாம் ஊதிப் போயி, லீவர் நெசமாவே சிக்கிக்கும். பிரேக் எண்ணெய் காத்துல இருக்கிற ஈரத்தையும் குடிக்கும், டாங்கியில சிந்துனா பெயின்டையும் உரிக்கும். டாங்கியில ஒட்டி வச்சிருக்கானே ஒரு பேரு, அதையும் சேர்த்துத்தான். யாரு பேருன்னு நான் பாக்கலை. அந்த வேலையெல்லாம் கராஜ் பாஸ்கிட்ட விட்டுடச் சொல்லு. 2020 மார்ச்சுல வாகன இறக்குமதியை நிப்பாட்டுனவங்க 2025-லதான் திறந்தாங்க. அந்த அஞ்சு வருசமா பழைய வண்டிகளைப் பிரிச்சுப் பிரிச்சே அவன் கை பழகியிருக்கு.

எல்லாம் மாட்டுனப்புறம் லீவர் முனையில ஒரு விரல் கனத்துக்குச் சும்மா ஆட்டம் விடு. அதுக்கப்புறம் பிடிக்கட்டும். வீலைச் சுத்திப் பாரு, சிவப்பு லைட்டு அணையுதான்னு பாரு. லயத்துக்கு முன்னால மட்டமான ரோட்டுல மெதுவா ஓட்டிப் பிடிச்சுப் பாத்துட்டு அப்புறம் இறக்கத்துக்குப் போ. மொதல்ல மாலிபொட இறக்கத்துல இறங்கிப் பாக்குறேன்னு கிளம்பிடாத, என் தங்கச்சிக்கு நீ ஒத்தைப் பிள்ளை.

ஸ்பேனரைத் துடைச்சுட்டுக் கொண்டா. போன மழைக்கு வாங்கிட்டுப் போன குறடும் சேர்ந்து வரணும். அது வராம என் வீட்டுக்குப் பொண்ணு கேட்டு ஆள் அனுப்பாத.